தொடக்கூடாத பணம்

முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் குப்பை கொட்டினேன். அத்தனை வருஷத்தில் எனக்கு வந்த மெமோ ஒன்றே ஒன்றுதான். "தங்கள் கவுண்டரில் சேமிப்புப் பத்திரங்கள் முதிர்வுக்கு முன்பே அளவுக்கு மீறிப் பணமாக்கப்படுவதன் காரணம் என்ன?" என்று மேலே இருந்தவர் கேட்டிருந்தார். அந்தக் காரணத்தின் பெயர் ஆதிலட்சுமி. ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்மணி. இறால் பிடிக்கும் குடும்பம். அதை அப்போது எழுத எனக்குத் தைரியம் இல்லை. "பொதுமக்களின் அவசரத் தேவைகள்" என்று நாலு வரி மழுப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் சென்ற மாதம் தபால் ஆபீசில் நடந்த சேமிப்பு வாரக் கூட்டம். பெரியவர் என்று மாலை போட்டு உட்கார வைத்தார்கள். கவுண்டரில் புதிதாக வந்த மெஷின் பாஸ்புக்கில் தானே வட்டி அடித்துத் தள்ளுவதைக் காட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான ஒரு பெண் கேட்டாள்: "சார், தொழிற்பேட்டையில வேலை செய்றவங்க ஒரு பக்கம் மாசா மாசம் இங்க கட்றாங்க. இன்னொரு பக்கம் கந்து வட்டிக்கு வாங்கறாங்க. உங்க காலத்துல ஜனங்க இப்படியெல்லாம் இல்ல, இல்ல சார்?"

எனக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, சேமிப்பின் அருமை பற்றி ஐந்து நிமிஷம் பேசிவிட்டு இறங்கினேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். பயிற்சி என்று மூன்று மாதம் பட்டணத்தில் உட்கார வைத்தார்கள். மணியார்டர் படிவம், பதிவுத் தபாலுக்கு அரக்கு, தந்திக்கு வார்த்தை எண்ணுவது என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றினார்கள். வட்டிப் பட்டியலை மட்டும் நான் யாரும் சொல்லாமலே மனப்பாடம் செய்தேன். எந்தத் தொகை எத்தனை வருஷத்தில் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். வட்டி தெரிந்தவனுக்குப் பணத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் அப்போதே வந்துவிட்டது.

பிறகு என்னைப் போட்ட இடம் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஆபீஸ். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் என் பேரைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கலாம். கவரைப்பேட்டையில் வாடகைக்கு வீடு. ரயிலில் ஒரு ஸ்டேஷன் வந்து இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் போவேன்.

ஆபீசில் இரண்டே பேர். நான் குமாஸ்தா. போஸ்ட் மாஸ்டர் கோவிந்தசாமி நாயுடு. அவர் காலையில் முதலில் செய்வது தேதி முத்திரைக்குப் பூஜை. சாமி பூஜைக்குக் குறையாத பக்தியோடு செய்வார். சின்ன இடுக்கியால் நேற்றைய எண்ணை எடுப்பார், துணியால் துடைப்பார், இன்றைய எண்ணைப் பொருத்துவார். ஒரு நோட்டில் முதல் முத்திரையைக் குத்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். எண் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் மறுபடி கழற்றுவார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. "தேதி தப்பானா எல்லாமே தப்பு நைனா" என்பார். கையெழுத்து ஒப்பிடுவதும் அப்படியே. பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் ஜாதகம் பார்ப்பது போல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருப்பார்.

அவ்வளவு துல்லியமான மனிதர் தன் சம்பளத்தை ஐந்து தகர டப்பாக்களில் வைத்திருந்தார். அரிசி, பால், பள்ளிக்கூடம், வைத்தியம், திருப்பதி. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். ஒரு மாதக் கடைசியில் என்னிடம் வந்து ஐந்து ரூபாய் கைமாற்று கேட்டார்.

"இன்னா சார், டப்பா காலியா?"

"அரிசி டப்பா காலி நைனா."

"திருப்பதி டப்பாவுல நாப்பது ரூபா இருக்குதுன்னு போன வாரம்தானே சொன்னீங்க?"

அவர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "அது சாமி டப்பு. அதுல கை வெச்சி அரிசி வாங்கினா அந்த சோறு தொண்டையில எறங்குமா?"

கொடுத்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவி கனகத்திடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பெட்டியில் நாற்பதை வைத்துக்கொண்டு ஐந்துக்குக் கை நீட்டுகிற மனிதர், அவர் கையில் ஒரு போஸ்ட் ஆபீஸ்! கனகம் சிரிக்கவில்லை. வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நயா பைசா வந்த வருஷம் என் புத்திசாலித்தனம் உச்சத்துக்குப் போயிற்று. ஓர் அணாவுக்கு ஆறு நயா பைசா, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது, நாலு அணாவுக்கு இருபத்தைந்து என்று பட்டியல் ஒட்டியிருந்தோம். ஜனங்கள் எங்கள் கவுண்டரில் நின்று அரை நயா பைசாவுக்கு அடிதடி செய்தார்கள். நான் அவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டுச் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு இரண்டு சிநேகிதர்களோடு போனேன். ஓர் அணா டீ மூன்று. கடைக்காரர் பத்தொன்பது கேட்டார். தனித்தனியாகக் கொடுத்தால் மூவாறு பதினெட்டுதானே என்று பிடித்துக்கொண்டேன். அவர் சட்டம் பேச, நான் சட்டம் பேச, கடைசியில் பதினெட்டோடு ஜெயித்துவிட்டு வெளியே வந்தால் ரயில் போய்விட்டது. பஸ்ஸுக்கு இருபத்தைந்து நயா பைசா அழுதேன். ஆனால் வீட்டில் கனகத்திடம் சொன்னது டீக்கடைக்காரரை மடக்கிய கதையை மட்டும்தான். பஸ் கதையை இன்றுதான் சொல்கிறேன்.

அந்த நாட்களில் சிறுசேமிப்பு இயக்கம் மும்முரமாக நடந்தது. ஒவ்வோர் ஆபீசுக்கும் இவ்வளவு பத்திரம் விற்க வேண்டும் என்று கோட்டா. விற்பதைவிடப் பெரிய வேலை, வாங்கியவர்கள் நடுவில் வந்து உடைக்காமல் பார்த்துக்கொள்வது. அதில் நான் சூரன். கவுண்டரில் ஒரு சிலேட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் நூறு, வலது பக்கம் நூற்றைம்பது, நடுவே பன்னிரண்டு வருஷம் என்று ஓர் அம்புக்குறி. யாராவது பத்திரத்தை நீட்டினால் வலது பக்கத்து நூற்றைம்பதை விரலால் மறைத்து, "இதை வேண்டாம்ங்கறியா?" என்பேன். முக்கால்வாசிப் பேர் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினேன்.

நயா பைசா வந்த அதே வருஷம், ஐப்பசி மழை ஒரு ஆட்டம் ஆடி ஓய்ந்த ஒரு நாள், ஆதிலட்சுமி வந்தாள். நாற்பது வயது இருக்கும். மூன்று வருஷமாகக் கருவாடு விற்ற காசில் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்திரம் வாங்கி, இருநூறு ரூபாய்க்குச் சேர்த்திருந்தாள். எல்லாம் என் கையால் எழுதிக் கொடுத்தவை. மஞ்சள் துணியிலிருந்து அவற்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

"இத்த ஒடச்சி துட்டு குடு சார்."

"இன்னாம்மா அவசரம்?"

"வெள்ளத்துல மரம் அடிச்சிக்கினு வந்து வலையில மாட்டிக்கிச்சி சார். வலை மொத்தமும் நாராப் பூட்ச்சி. இன்னும் பத்து நாள்ல எங்க பாடு வர்து. வலை இல்லாங்காட்டி முறை அடுத்த ஊட்டுக்குப் பூடும்."

ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்களைப் பாடு என்பார்கள். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். உங்கள் நாளில் உங்கள் வலை தண்ணீரில் இல்லையென்றால் முறை போனது போனதுதான். சுற்று முடிந்து திரும்ப வரும்வரை கரையில் உட்கார்ந்து அடுத்தவர் இறாலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அந்த நாள்தான் வருஷத்துச் சோறு. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சிலேட்டை எடுத்தேன்.

"இது இன்னாத்துக்குச் சேத்த பணம்?"

"பொண்ணு கண்ணாலத்துக்கு."

"பொண்ணு கல்யாணப் பணத்தைத் தூக்கி ஏரியில போடப் போறியா? பன்னண்டு வருஷம் உட்டா முந்நூறு. இப்போ எடுத்தா வட்டியக் கொறச்சிடுவான். எம்மாம் நஷ்டம் பாரு."

அவள் சிலேட்டைப் பார்த்தாள். படிப்பு கிடையாது, ஆனால் என் விரல் மறைத்த இடத்தில் ஏதோ பெரியது இருக்கிறது என்று புரிந்தது. சற்று யோசித்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இது உன் துட்டா இருந்தா நீ இன்னா சார் பண்ணுவே?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"தொடமாட்டேன். போன வருஷம் என் பையனுக்கு டைபாய்டு. மருந்து விலை யானை விலை. கடம்பத்தூர்ல மனை வாங்கறதுக்குன்னு முந்நூறு ரூபா என் பாஸ்புக்குல கெடந்தது. அத்தத் தொட்டேனா? சம்சாரம் கையில கெடந்த வளையலக் கழட்டி நூத்தியிருவதுக்கு அடகு வெச்சேன். பாஸ்புக்கு இன்னிக்கும் அப்படியே இருக்குது."

சொன்னதோடு நிற்காமல் மேஜை டிராயரிலிருந்து பாஸ்புக்கை எடுத்துக் காட்டினேன். அட்டையில் 'மனை' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். சர்க்கார் உத்தியோகஸ்தன், கணக்குப் படித்தவன், பெண்டாட்டி வளையலையே வைத்திருக்கிறான். அதற்கு மேல் அவளுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? பத்திரங்களை மஞ்சள் துணியில் சுற்றினாள். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

"பலே நைனா" என்றார் நாயுடு.

சரியாக ஒரு வருஷம் கழித்து, அடுத்த ஐப்பசியில் திரும்ப வந்தாள். இளைத்திருந்தாள். பத்திரங்களை வைக்கவில்லை, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை கிளிஞ்சலைக் கவுண்டரில் கொட்டினாள்.

"இன்னாம்மா இது?"

"எனுக்கு எய்தத் தெரியாது சார். அதான் இப்டி வெச்சிக்கினேன். ஒரு கிளிஞ்சல் பத்து ரூபா."

அன்று என்னிடமிருந்து நேராக அவள் போனது, ஏரியில் இறால் கொள்முதல் செய்யும் ஒரு வட்டிக்காரரிடம். இருநூறு ரூபாய் வாங்கி வலை எடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி. அந்த வலையே அடமானம். அசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் வாங்கமாட்டார்; கொடுத்தால் இருநூறும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இறாலையும் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். பத்து மாதம் வட்டி கட்டினாள். இரண்டு மாதம் முடியவில்லை. வட்டிக்காரர் வந்து வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இந்த வருஷத்துப் பாட்டுக்கு இன்னும் மூன்று நாள்.

என் சிலேட்டின் மேலேயே கிளிஞ்சல்களை வரிசையாக வைத்தாள். பத்து.

"இது நான் வட்டிக்காரனுக்குக் குத்தது. பத்து மாசத்துல. நீ சொன்னியே சார், கவர்மெண்டு வட்டி. அது எத்தினி கிளிஞ்சல்?"

நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கணக்கு. இருநூறு முந்நூறாகும். நூறு ரூபாய். பத்துக் கிளிஞ்சல்.

"பத்து" என்றேன்.

"எத்தினி மாசத்துல?"

"பன்னண்டு வருஷத்துல."

அவள் கிளிஞ்சல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்தில் சர்க்கார் தரப்போவதாக நான் ஆசை காட்டிய அத்தனையையும் அவள் பத்தே மாதத்தில் கொடுத்து முடித்திருந்தாள். வட்டிப் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்தவனுக்கு, இரண்டு வட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. கல்யாணப் பணம் ஒரு டப்பா, வலைப் பணம் ஒரு டப்பா. நாயுடுவைப் பார்த்துச் சிரித்த நான் ஏரிக்கரைக்கே டப்பா செய்து கொடுத்திருக்கிறேன்.

"பத்திரத்தை எடும்மா. இப்பவே ஒடச்சிடலாம்" என்றேன்.

அப்போதுதான் வேறு ஒரு தொல்லை கிளம்பியது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பணம் கொடுக்கும்போது பத்திரத்தின் பின்னால் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கி, முன்பு விண்ணப்பத்தில் வைத்த ரேகையோடு ஒப்பிட வேண்டும். மைப்பலகையில் மையைத் தடவி, அவள் விரலைப் பக்கவாட்டில் உருட்டிப் பதித்தேன். காகிதத்தில் விழுந்தது ஒரு கறுப்பு அப்பம். கோடே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி பதித்தேன். அதே அப்பம். ஒரு வருஷமாக வட்டிக்காரருக்காகக் கூடை கூடையாக இறால் உரித்து, உப்புத் தண்ணீரில் ஊறி, விரலில் இருந்த ரேகை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது.

நாயுடு பூதக்கண்ணாடியை எடுத்தார். கால் மணி நேரம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது அந்த வெரல் இல்ல நைனா."

"சார், எனக்கு இவங்களத் தெரியும். நான்தான் பத்திரமே எழுதிக் குடுத்தேன்."

"உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ரூலுக்குத் தெரியாதே. ஆபீசுக்குத் தெரிஞ்ச வெளி ஆளு ஒருத்தர் நேர்ல வந்து சாட்சிக் கையெழுத்து போடட்டும். குடுத்துடறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தேதி முத்திரையை எடுத்து ஏரியில் வீசியிருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பு ஒரு வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது. அதைச் செய்தவன் மைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பழவேற்காட்டில் வலை நூலும் கயிறும் விற்கும் காதர் பாய்க்கு எங்கள் ஆபீசில் கணக்கு இருந்தது. ஆதிலட்சுமி அவரைத்தான் சொன்னாள். அன்றே பழவேற்காட்டுக்குக் கிளம்பினாள். மறுநாள் முழுவதும் ஆளில்லை. அன்று நான் எத்தனை தபாலைத் தப்பான பையில் போட்டேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் மத்தியானம் பாய் கடையைச் சாத்திவிட்டு அவளோடு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"இவங்கள எத்தினி வருஷமா தெரியும் பாய்?" என்று கேட்டார் நாயுடு.

"பத்து வருஷமா தெரியும் நாயுடுகாரு. நூலு கடனாக் குடுத்தா சொன்ன தேதிக்கு வந்து நிப்பாங்க. எங்க போடணும் கையெழுத்து?"

போட்டுவிட்டு, கவுண்டரில் இருந்த பத்திரங்களை அப்போதுதான் கவனித்தார். அவர் முகம் மாறியது.

"இரு இரு. இவ்ளோ துட்ட இங்க வெச்சிக்கினா அந்த ஆளுகிட்ட வட்டிக்குப் போனே? எவன் சொன்னான் உனுக்கு இந்த யோசன?"

நான் தலையைக் குனிந்துகொண்டு ரூபாய் நோட்டுகளை எண்ணினேன். எண்ணிக்கை மூன்று முறை தப்பியது. ஆதிலட்சுமி என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"யாரோ சொன்னாங்க பாய். உடு" என்றாள்.

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாய் நாலு வார்த்தை திட்டியிருப்பார். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

குறைத்த வட்டியோடு சேர்த்து இருநூற்றுப் பதினெட்டு ரூபாய் வந்தது. வட்டிக்காரருக்கு அசலும் பாக்கி வட்டியும் இருநூற்றிருபது. குறைந்த இரண்டு ரூபாயை அவள் முந்தானையிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டாள். பெண்ணின் கல்யாணத்துக்கு என்று சேர்த்ததில் மிச்சம் அந்த மஞ்சள் துணி மட்டும்தான். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் விடிந்தால் அவர்கள் பாடு.

பாய் முன்னால் இறங்கிப் போனார். அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"வளையல மூட்டியா சார்?"

அதில் கிண்டல் துளியும் இல்லை. ஒரு வருஷமாக அவள் தன் கஷ்டத்தோடு என் மனைவியின் வளையலையும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இல்லம்மா, இன்னும் அடகுலதான் இருக்குது" என்றேன்.

"இன்னுமா வட்டி கட்டிக்கினு கீறே?"

"ஆமாம்."

"அடப் பாவமே! அப்ப நீயும் என்ன மாதிரிதானா?" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வேண்டுமென்றே ஏமாற்றப்படவில்லை, ஏமாளி இன்னொருவன்தான் வழி காட்டியிருக்கிறான் என்று தெரிந்த நிம்மதி. "போயி மூட்டு சார் மொதல்ல" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவள் போனதும் சிலேட்டைத் துடைத்து என் கணக்கைப் போட்டேன். நூற்றிருபது ரூபாய்க்குச் சர்க்கார் எனக்குக் கொடுத்தது வருஷத்துக்கு மூன்று ரூபாய். அதே நூற்றிருபதுக்கு நான் அடகுக் கடையில் கொடுத்தது மாதம் இரண்டு ரூபாய் நாற்பது நயா பைசா. இப்படி இருபத்திரண்டு மாதம். ஒரே ஒரு நயா பைசாவுக்கு டீக்கடையில் சட்டம் பேசியவன் நான்.

மறுநாள் என் பாஸ்புக்கிலிருந்து நூற்றிருபது ரூபாய் எடுக்கப் படிவம் நிரப்பி நாயுடு முன்னால் வைத்தேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றார். கணக்கு ஆரம்பித்தபோது புது உத்தியோக ஜோரில் மூன்று சுழி போட்டு எழுதியிருந்தேன். ஒரு தடவைகூட எடுக்காததால் அந்தச் சுழிகள் எனக்கே மறந்துவிட்டன. நாலு தரம் எழுத வைத்தார். ஐந்தாம் தரம் ஒத்துக்கொண்டு, பரிதாபமாகக் கேட்டார்.

"மனை டப்பாவையா ஒடைக்கிறே நைனா?"

"ஆமா சார். உங்க திருப்பதி டப்பாவையும் ஒடச்சி என் அஞ்சு ரூபாயத் திருப்பிக் குடுங்களேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த ஐந்து ரூபாய் கடைசிவரை வரவில்லை.

வளையலைக் கொண்டுபோய்க் கனகத்திடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். "எவ்ளோங்க வட்டி கட்டினீங்க மொத்தம்?" என்று கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எதையோ கணக்குப் பார்த்தாள், எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு நான் நன்றியோடு இருந்தேன்.

ஆதிலட்சுமியின் வலை அந்த வருஷம் நேரத்துக்குத் தண்ணீரில் இறங்கியது என்று அடுத்த வாரம் காதர் பாய் சொன்னார். இறாலும் நன்றாகவே விழுந்ததாம். ஆனால் பெண்ணின் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. அந்த ஒரு வருஷத்தைத் தள்ளிப்போட்டவன் நான். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பந்தியில் எனக்குத்தான் பெரிய இறாலாகப் பார்த்துப் போடச் சொன்னாள். அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு சிலேட்டில் நூறும் நூற்றைம்பதும் எழுதவில்லை. பத்திரத்தை உடைக்க யார் வந்தாலும், "இத்த ஒடைக்காங்காட்டி வேற எங்க வாங்குவே? அங்க வட்டி எவ்ளோ?" என்று கேட்பேன். பதிலைக் கேட்டதும் பெரும்பாலும் நானே படிவத்தை எடுத்து நிரப்பிக் கொடுத்துவிடுவேன். அதனால் வந்ததுதான் அந்த மெமோ. பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி அதில் மெமோவை மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். நாயுடு மயக்கம் போட்டுவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு, நான் திருந்திய கதை இது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. போன மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. மேஸ்திரி எட்டாயிரம் ஆகும் என்றார். நேற்றுக் காலை நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குவதற்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

"பத்தாயிரம் ரூபா டெபாசிட்டுல கெடக்குதே?" என்றாள் கனகம்.

"அது நம்ம ரெண்டு பேருக்கும் கடைசி காலத்துக்குன்னு வெச்சது. அத்த எப்படித் தொடறது?" என்றேன்.

கனகம் என் முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, வளையல்களை ஒரு முறை குலுக்கிக் காட்டினாள்.

விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டெபாசிட்டை எடுக்கப் படிவம் வாங்கி வரக் கிளம்பினேன். கையெழுத்து ஒத்துப்போக வேண்டுமே என்ற கவலை மட்டும் வழியெல்லாம் இருந்தது.